ஓட்டிக்கொண்டு வந்தால் நிறுத்தலாம்

அறுபத்தேழு வயதில் ஒரு பெண்பிள்ளை காருக்கு அடியில் படுத்துக்கிடந்தால் தெரு சும்மா இருக்குமா? முதல் வருஷம் சிரித்தது. இரண்டாம் வருஷம் பரிதாபப்பட்டது. மூன்றாம் வருஷம் அலுத்துப்போய் வேறு வீட்டு வம்பைப் பார்க்கப் போய்விட்டது. நாலாம் வருஷமும் அவள் அதே இடத்தில்தான் படுத்துக்கிடந்தாள்.

தெருவில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரில் பாதிப் பேரை அதட்டியவள். ஓய்வு பெற்ற கையோடு, யாரோ ஒருவர் தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த ஒரு பழைய காரை வாங்கி வந்து வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கினாள். அவளைவிட இரண்டு வயது மூத்த கார் அது. வயர்களையெல்லாம் எலி தின்று தீர்த்திருந்தது. பின்சீட்டில் நிஜமாகவே முட்டை இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் நோயாளி. அவள் புருஷன் வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

புருஷன் பூகோள வாத்தியார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். வாத்தியாருக்கு மேப் போதும். உலகத்தையே மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். கிரீஸ் வாசனை அவருக்கு ஆகாது.

இப்படியே போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. போன வருஷம் வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு உடையவில்லை, ஆனால் அரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எக்ஸ்ரே அக்கா கொட்டகையில் மிஷின் வைத்துத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மிஷின் போடுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. இதை அவளிடம் யாரும் குத்திக்காட்டவில்லை. மகள் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டாள், "நீ கார் கீழ இருந்தியாம்மா?" என்று. அந்தக் கேள்வி போதாதா? அன்றைக்குத் தின்ற சோறு அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதனால்தான், "ரெண்டு பேரும் என்னோட ஃபிளாட்டுக்கு வந்துடுங்க" என்று மகள் சொன்னபோது அவள் முரண்டு பிடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வர்றோம். நோயாளியும் வரும்."

"அம்மா! அது ஓடாதும்மா."

"உனக்கு ஒரு பார்க்கிங் இடம் இருக்கில்ல? நீ ஆபீஸ் பஸ்ல போற. சும்மாதானே கெடக்கு?"

மகள் பெருமூச்சு விட்டாள். "இடம் இருக்கு. ஆனா ஓடாத வண்டிய உள்ள வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல ரூல். செயலாளர் அதுல ரொம்பக் கறார். ஓட்டிட்டு வந்தா நிறுத்திக்கோ. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தா வாட்ச்மேனே கேட்டைத் திறக்க மாட்டாரு."

"எப்போ வரணும்?"

"அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கெழம."

"அன்னிக்கு ஓட்டிட்டு வந்தா இடம் எனக்கு. சத்தியமா?"

"சத்தியம்மா. ஓடலேன்னா, முந்தின நாள் சனிக்கிழம பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு. அதுக்கு நீ சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வேறு வழி? அன்றிலிருந்து சரியாக நாற்பது நாள்.

உங்களுக்கு இது வெறும் கார் விவகாரமாகத் தோன்றலாம். அவளுக்கு அப்படி இல்லை. நோயாளி போய்விட்டால் அந்த ஃபிளாட்டுக்கு அவள் எப்படிப் போவாள்? சாமான் வண்டியில் கட்டில், பீரோ, மெத்தை, அம்மா, அப்பா என்று வரிசையாகப் போவாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனால் அது வேறு. தானாக வந்து இறங்கியவளை யாரும் ஒரு மூலையில் தூக்கி வைக்க முடியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முக்கால்வாசி வேலை முடிந்துதான் இருந்தது. பிரேக் இரண்டாம் வருஷமே ஆயிற்று. எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, பழைய துணியில் துடைத்து, திரும்பப் பூட்டியாயிற்று. கடைசியில் வயர் போட்டாள். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறி பங்கிட்டுக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சாமான் உண்டு. அதன் மூடியில் நாலு ஓட்டை. எந்த ஓட்டையிலிருந்து எந்தச் சிலிண்டருக்கு வயர் போக வேண்டும் என்று காரின் புத்தகத்தில் படம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்து, கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த விளக்குப் பெட்டியில் செருகினாள். எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துப் பார்க்கிற அதே பெட்டிதான். ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியபோது கேட்டு வாங்கி வந்தது. சுவிட்சைப் போட்டால் படம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து, முன்பக்கம் நின்றபடி நாலு வயரையும் செருகினாள்.

செல்ஃப் மோட்டார் பலவீனம் என்பதால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை வளைத்துப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கிறபோது மணிக்கட்டு முறிந்துவிடும். அப்படி முறிந்த ஒரு லாரிக்காரர் மணிக்கட்டை அவளே படம் எடுத்திருக்கிறாள். ஆகவே விரலை ஒழுங்காக வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு சுற்று சுற்றினாள்.

டப். டப். டமார்.

எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. கார்புரேட்டர் வழியாக ஒரு நாக்கு நெருப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. எஞ்சின் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நாலு வாரம் அவள் பட்ட பாட்டை நாய் படாது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினாள். பிளக்கை மாற்றினாள். பெட்ரோல் டாங்கைக் கீழே இறக்கி, உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தாள். வால்வு இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. தினமும் காலையில் டப், டப், டமார். வாத்தியார் உள்ளேயிருந்து, "இன்னிக்கு மொத்தம் பதினோரு வெடி" என்று எண்ணிச் சொல்வார். தெருமுனை மெக்கானிக்கைக்கூட ஒருநாள் கூப்பிட்டாள். அவர் கையில் கம்ப்யூட்டரோடு வந்து, அதைச் செருகுவதற்கு நோயாளியின் உடம்பில் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, "அக்கா, இதப்பத்தி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள் என்றபோது பழைய இரும்புக்காரர் அளந்துபோக வந்தார். டேப்பைப் பிடித்தார், பம்பரைக் காலால் தட்டிப் பார்த்தார். "சனிக்கெழம காலையில எட்டு மணிக்கு வண்டி வந்துடும்மா" என்றார்.

"காலை வெச்சுத் தட்டாதீங்க."

"என்னம்மா?"

"எனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் அது இரும்பு இல்ல, கார். காலை எடுங்க."

அவர் காலை எடுத்தார். போகும்போது வாசலில் வாத்தியாரிடம், "அம்மாவுக்கு உடம்பு ஏதும்..." என்று இழுத்தார். வாத்தியார், "அவ உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்க காலுக்கு ஏதாவது ஆயிடப்போகுது, கெளம்புங்க" என்று அனுப்பி வைத்தார்.

அன்று மத்தியானம் வாத்தியார் தம் மேப்புகளை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு தீர்ந்துபோயிற்று. கயிறு இருப்பது கொட்டகையில். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, வாசற்படியில் வந்து நின்றார். எக்ஸ்ரே அக்கா பானெட்டைத் திறந்து போட்டு, பம்பர் மேல் கவிழ்ந்து, எஞ்சினையே முறைத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அழுதாளா என்று கேட்டால் பெட்ரோல் நெடி என்பாள், அதனால் அவர் கேட்கவில்லை. சுவரில் எரிந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்தார். படத்தைக் கண்டால் அவர் கண் தானாக அங்கே போய்விடும். ஒரு வட்டம், நாலு புள்ளி, பக்கத்தில் நாலு எண்.

"மூணு கெழக்க இருக்கு," என்றார்.

"என்ன?"

"படத்துல. ஒண்ணு வடக்க, நாலு தெக்க, மூணு கெழக்க, ரெண்டு மேக்க. ஆனா நீ மூணுன்னு சீட்டு ஒட்டின வயரை மேக்க சொருகியிருக்கியே?"

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்! நாலு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷர் இன்றைக்கு வந்து திசை சொல்லுகிறார்.

"ஏங்க, கயிறு அந்த ஆணியில தொங்குது, எடுத்துட்டுப் போங்க. படம் நம்மளப் பாத்து நிக்குது. அதோட வலது கை நமக்கு இடது கைப் பக்கம் வரும். இதுகூடத் தெரியாம..."

"யாரு நிக்குறா?"

"என்ன யாரு நிக்குறா?"

"நம்மளப் பாத்து யாரு நிக்குறான்னு கேக்கறேன். மனுஷனா அது? மூடிய மேலேர்ந்து பாத்து வரைஞ்சிருக்கான். மேப் மாதிரி. மேப் யாரையும் பாத்து நிக்காது. அதுல வலதுன்னா வலதுதான்."

அவள் திரும்பி விளக்குப் பெட்டியைப் பார்த்தாள்.

எக்ஸ்ரே ஃபிலிமைப் பெட்டியில் வைக்கும்போது ஆள் எதிரே நிற்பதுபோலத்தான் வைப்பார்கள். படத்தின் இடது பக்கம் தெரிவது அந்த ஆளின் வலது நுரையீரல். முப்பத்து நாலு வருஷம், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது படம். வெளிச்சத்தில் எதை மாட்டினாலும் அவள் மூளை கேட்காமலே வலத்தை இடமாக மாற்றிப் போட்டுவிடும். புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால்கூட ஒழுங்காகச் செருகியிருப்பாள். போயும் போயும் அந்தப் பெட்டியில் மாட்டினாளே! உலகத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது. ஒன்றும் நாலும் மேலும் கீழுமாக இருந்ததால் பிழைத்தன. இரண்டும் மூன்றும் இடம் மாறி, திறந்த வால்வுக்குள் தீயைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு மாசமாக டப், டப், டமார்.

இரண்டு வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். அரை நிமிஷம் ஆகவில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றாள். ஹேண்டிலைச் செருகி, கட்டைவிரலை ஒதுக்கி, ஒரு சுற்று. ஒன்றும் இல்லை. இன்னொரு சுற்று.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓர் இருமல், ஒரு குலுக்கல், பிறகு தையல் மிஷின்போல ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எக்ஸ்ரே அக்கா கிரீஸ் கையோடு வாத்தியாரின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், "ஐயோ, ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாத்தியார் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "போகட்டும், பழசுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை தெருவைப் பதினாலு தடவை சுற்றினாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரும்புக்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பியபோது, எதிரே நோயாளி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியாரும் சும்மா இருக்கவில்லை. மகள் வீட்டுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடேறும் என்று கேள்விப்பட்டு, சிக்னல் குறைந்த, மேடு இல்லாத ஒரு வழியைத் தாமே வரைந்து கொடுத்தார். அது இருபத்தாறு கிலோமீட்டர் ஆயிற்று. மகளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேரில் போய் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் வண்டியில் எல்லாம் ஏறியாயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியை அவள் பைக்குள் போட்டாள். வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், இன்னும் அமையவில்லை. முன்னால் நோயாளி, பின்னால் சாமான் வண்டி. முப்பதுக்கு மேல் அவள் ஓட்டவில்லை. "அம்மா, நடந்து போறவங்க நம்மள முந்திட்டுப் போறாங்க" என்று சாமான் வண்டிக்காரர் ஒரு திருப்பத்தில் தலையை நீட்டிக் கத்தினார். வாத்தியார் மடியில் மேப்பை விரித்துக்கொண்டு, "அடுத்த வலது... இப்ப நேரா..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலு வருஷத்தில் அந்தக் காரில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, வாயையும் திறந்தபடி நின்றார். மகள் பால்கனியிலிருந்து பார்த்திருக்க வேண்டும், செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தாள். எக்ஸ்ரே அக்கா எஞ்சினை அணைக்கவில்லை. சூட்டில் அணைத்தால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ, இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியபிறகு அணைக்கலாம் என்று நினைத்தாள்.

"எந்த இடம்டி? பன்னெண்டாம் நம்பர்தானே?"

மகள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எக்ஸ்ரே அக்காவே எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நம்பரில் ஒரு புதுக் கார் நின்றது. உறைகூடப் போட்டிருந்தார்கள்.

"யாருது அது?"

"செயலாளரோடதும்மா. ரெண்டாவது வண்டி வாங்கியிருக்காரு. இடம் கேட்டாரு... எழுதிக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"போன மாசம். நாம பேசினமே, அதுக்கு அடுத்த வாரம்."

எக்ஸ்ரே அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அடுத்த வாரம் என்றால் அவள் கார்புரேட்டரை முதல் தடவை கழற்றிய வாரம். "சத்தியம் பண்ணினியேடி?"

மகள் ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்ன? சத்தமாச் சொல்லு!"

"நீ நிஜமா ஓட்டிட்டு வருவேன்னு நான் நெனைக்கவே இல்லம்மா!"

மூன்றாவது மாடிவரைக்கும் கேட்டது. இரண்டு மூன்று ஜன்னல்கள் திறந்தன. மகளுக்கே தன் குரல் திக்கென்று இருந்திருக்க வேண்டும், கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "இன்னிக்கு ரோட்டுல நிறுத்திக்கோம்மா. அப்புறமா பாத்துக்கலாம். மேல வாங்க ரெண்டு பேரும்."

எக்ஸ்ரே அக்காவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டியிருப்பாள். வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான். பெற்ற பெண் பொய்ச் சத்தியம் பண்ணவில்லை. இந்தக் கிழவி எங்கே ஓட்டப்போகிறாள் என்று நிச்சயமாக நம்பிப் பண்ணியிருக்கிறாள்.

அப்போது பக்கத்து சீட்டில் வாத்தியார் மேப்பை மடித்தார்.

"விழுந்தது நான்," என்றார். "விழுந்தவனை ஒரு வார்த்தை கேக்காம நீங்க ரெண்டு பேரும் வீட்டக் காலி பண்ணிட்டீங்க. குளியலறைச் சுவத்துல பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பி இருந்தா நான் ஏன் விழறேன்? செத்துக் கெடந்த காரை எழுப்பினவ, சுவத்துல ஒரு கம்பி போட மாட்டாளா?"

எக்ஸ்ரே அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷர் இப்படிப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது.

"நாலு போல்ட்டு," என்றாள். "ஒரு மணி நேர வேலை."

"அப்போ திருப்பு."

மகள் கைப்பிடியை விடவில்லை. எக்ஸ்ரே அக்கா ஜன்னல் வழியாக அவள் கையின்மேல் தன் கையை வைத்தாள். கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

"அழாதடி. உன்மேல கோவமில்ல. நாங்க வருவோம்னு நீ நம்புற அன்னிக்கு எடத்தைக் காலி பண்ணி வெச்சுட்டு ஃபோன் போடு. இதே மாதிரி ஓட்டிட்டு வர்றோம். அதுவரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீ வா. பஸ்ஸுல வேண்டாம், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மகள் கையை எடுத்தாள். கேட்டுக்கு வெளியே சாமான் வண்டிக்காரர் இறங்கி, கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்.

"மொதல்ல பீரோவ இறக்கவாம்மா?" என்று கத்தினார்.

எக்ஸ்ரே அக்கா கியரைப் பின்னுக்குப் போட்டாள். "ஒண்ணையும் இறக்காதீங்க! வண்டியத் திருப்புங்க, வீட்டுக்குப் போறோம்!"